அச்சில் நின்றதும் அழிந்து போனதும்
(வெள்ளி விழா ஆய்வரங்கில் நிகழ்த்திய உரை)



ஆய்விதழ்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். விழா மேடைக்கு ஏற்ற பொருளா இது என்று முதலில் தயங்கினோம். ஆனால் இன்று நம் பிள்ளைகளுள் முனைவர் பட்டத்திற்கு ஆய்வோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் எழுதுவது எங்கே அச்சாகிறது, அச்சானது எத்தனை காலம் நிற்கும், அதில் உள்ளது மெய்தானா என்று வீட்டிலும் எவரும் கேட்பதில்லை, கழகத்திலும் கேட்பதில்லை. ஆதலின் தயக்கத்தை விட்டோம்.

1916 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகளின் அமைப்பு, தோற்றம், வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றியது அக்கட்டுரை. வாசித்தவர் அண்ணல் அம்பேத்கர். மறு ஆண்டு மே மாதம் அது 'இந்தியன் ஆண்டிகுவாரி' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது.

இளைஞர்கள் அக்கட்டுரையை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வர் சாதிக்கு வகுத்த இலக்கணங்களை அவரவர் பெயரோடு எடுத்து வைக்கிறார். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று ஆராய்கிறார். அதன் பின்னரே தம் கருத்தைக் கூறுகிறார். பிறரைப் பார்த்து ஒழுகுவதால் வழக்கங்கள் பரவுகின்றன என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் தார்த் அவர்களிடமிருந்து பெற்றதை மறைக்கவில்லை. தம் கொள்கை நிலைநில்லாது என்று எவரேனும் காட்டினால் அதனைக் கைவிட ஆயத்தமாக இருப்பதாகவும் இறுதியில் சொல்கிறார். சாதியின் கொடுமையை உடம்பிலேயே பட்டறிந்தவர் அவர். சினத்தோடு எழுதியிருந்தால் அவரைக் குறை கூற நமக்கு மனம் வாராது. எனினும் சினத்தைச் சான்றாகக் காட்ட அவர் ஒப்பவில்லை.

1917 இல் அவர் தாயகம் திரும்பியபோது, அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டன. அது முதல் உலகப் போர்க் காலம். நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் அந்தக் கப்பல் கடலுள் அமிழ்ந்தது. கட்டுரையோ அதற்குள் அச்சேறிவிட்டது. 1944 இல் 'சாதி ஒழிப்பு' நூலின் மூன்றாம் பதிப்போடு அதனை அவர் சேர்த்து வெளியிட்டார். இன்றும் நாம் வாசிக்கிறோம்.

அந்த 'சாதி ஒழிப்பு' நூலின் வரலாறும் இங்கே சொல்லத் தக்கது. லாகூர் மாநாட்டிற்கென எழுதிய உரையில் சில பகுதிகளை மாற்றுமாறு அழைத்தவர்கள் வேண்டினர். அவர் இசையவில்லை, மாநாடு நடைபெறவில்லை. 1936 இல் தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டார். காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதியபோது, 1937 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து, அதன் பின் தம் விடையை வைத்தார். எதிர்ப்பவரின் சொல்லைத் தம் நூலிலேயே அச்சிட்டுக் கொடுத்த துணிவை வேறு பல பதிப்பாசிரியர்களிடம் நாம் கண்டதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 'சூரியோதயம்' 1869 இல் தோன்றியது. 'பஞ்சமன்' 1871 இல் தோன்றியது. 1893 இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம்மவர் நடத்திய இதழ்களுள் பலவற்றைப் பெயரளவில்தான் இன்று அறிகிறோம். சில இதழ்களில் என்ன எழுதப்பட்டது என்பதையே, ஆங்கில அரசு நாட்டு மொழி ஏடுகளைக் கண்காணிக்க எழுதுவித்த சுருக்கக் குறிப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐயுற்றுப் பார்த்தவன் எழுதிய குறிப்பு பத்திரமாக இருக்கிறது. அன்போடு வாங்கிப் படித்தவன் வீட்டுப் படி இல்லை! அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' அவ்வாறு அழியாமைக்குக் காரணம், நம் குடும்பங்கள் சிலவும் அன்பர்கள் சிலரும் அதன் இதழ்களைப் பெட்டியில் காத்தமையே. 1999 இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த இரு தொகுதிகளும் அந்தக் காப்பினால்தான் இயன்றன.

கணிப்பொறி வந்தபின் இவ்விடர் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். இணையத்தில் இலவசமாக வெளிவந்த ஆய்விதழ்களுள் 170 க்கும் மேற்பட்டவை 2000 க்கும் 2019 க்கும் இடையில் சுவடின்றி மறைந்தன என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாள் மறைய நூறாண்டு பிடித்தது. இணைய இதழுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டாலே போதும்.

நம் கழகத்தின் உதவித்தொகை பெற்ற இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் இசைவோடுதான் சொல்கிறோம். பஞ்சமி நிலம் பற்றி அவர் ஊர் ஊராகச் சென்று முதியோர் வாய்மொழிகளைத் திரட்டினார். பணி உயர்வுக்கும் பட்டத்திற்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் காலம் அது. பணம் பெற்று வெளியிடும் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டதாக விடை வந்தது. அறிஞர் எவரும் அதனைப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் ஒரு நிலத்தின் சர்வே எண் மாறியிருந்ததை யாரேனும் கேட்டிருப்பர். அவ்வூர் மக்கள் அக்கட்டுரையைத் தங்கள் மனுவோடு இணைத்தனர். எதிர்த்தரப்பு அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, மற்றவை யாவும் பொய் என்றது. திருத்தம் வெளியிடச் சொல்லி நம் இளைஞர் எழுதிய கடிதங்களுக்கு விடை இல்லை. இரண்டு ஆண்டுகளில் இதழே மறைந்தது. சான்று சொன்ன பாட்டியும் காலமானார். அவர் குரலைப் பதிந்த கைப்பேசி பழுதாகி முன்பே எறியப்பட்டிருந்தது.

இதற்கு மாறாக, செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் எழுதிய அறிக்கை ஆவணமாகக் காக்கப்பட்டது. பஞ்சமி நில உரிமை பேசுவோர் அதனை இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் செய்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் தண்டனைப் படிகள் உண்டு. பொறி சொற்களை ஒப்பிடும். பாட்டி சொன்னதைச் சொல்லாததாக எழுதினால் அதற்குத் தெரியாது. மாணவர் திரட்டியதை வழிகாட்டி தம் பெயரில் வெளியிட்டாலும் தெரியாது. நல்ல இதழ்கள் எவை என்று அக்குழு வைத்திருந்த பட்டியலும் 2025 இல் கைவிடப்பட்டது. இனித் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆய்வாளர் தலையிலும் அவர் நிறுவனத்தின் தலையிலும் விழுந்திருக்கிறது. முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் யார் இருக்கின்றனர்?

ஆகவே செயற்குழுவின் இசைவோடு ஒன்று அறிவிக்கிறோம். கழக நூலகத்தில் ஒரு பீரோ இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் ஆய்வேட்டின் படி ஒன்றையும், களக் குறிப்பேட்டையும், பதிந்த குரல்களின் இரு நகல்களையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். கட்டுரையை வெளியே அனுப்புமுன் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவரிடம் காட்ட வேண்டும். பிழை காண்பதில் அவர்கள் இரக்கமற்றவர்கள். மூத்த உறுப்பினர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு அழைப்புகள் இருக்குமாயின், அடுத்த முறை வெள்ளையடிக்குமுன் அவற்றை இங்கே கொண்டுவாருங்கள். பீரோவின் திறவுகோல் செயலாளரிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் அவர் நூலகத்தில் இருப்பார்.