வீட்டு மின்சாரம்: எப்போது ஓடுகிறது, எப்போது செலவாகிறது?

(பெங்களூர் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிவசமுத்திரத்தில் காவேரி விழும் இடத்தில் உண்டாக்கிய மின்சாரம் 1902-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. அத்திட்டத்துக்கு வழிசெய்தவர் மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். 1905-ல் அது பெங்களூருக்கும் வந்து தெருவிளக்குகளை ஏற்றியது. நூறு வருஷத்துக்கு மேல் பழகியும், "ஸ்விட்சைப் போட்டு வைத்தாலே மீட்டர் ஓடுமா?" என்ற சந்தேகம் நம் அகங்களில் தீரவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

நம் வீட்டுக்குள் மூன்று ஒயர்கள்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஃபேஸில் 230 வோல்ட் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. மாடித் தொட்டி நிறைந்து, குழாய் மூடியிருப்பது போல. அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. ஆனால் தண்ணீர் சாக்கடையில் போய்விடும். மின்சாரமோ நியூட்ரல் வழியாகத் திரும்பியாக வேண்டும். இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் ஓட்டம் இல்லை, செலவும் இல்லை. ஆகவே எதுவும் செருகாத ப்ளக் பாயிண்டில் ஸ்விட்சைப் போட்டிருந்தாலும் மீட்டர் ஓடாது.

அப்படியானால் செலவாவது எது? போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. வழியில் வெளிச்சமாக, சூடாக, சுழற்சியாக இறக்கிவைத்த சக்திதான் செலவு. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் கீஸர் அரை மணியிலேயே ஒரு யூனிட் எடுத்துவிடும்.

ரிமோட்டில் அணைத்தால் சுற்று அறுவதில்லை. செட்டாப் பாக்ஸ் பத்து வாட் எடுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். 10 x 24 x 30 = 7200 வாட் மணி, மாதம் ஏழு யூனிட்டுக்கு மேல். 2023-ல் வந்த க்ருஹ ஜ்யோதி திட்டத்தில், மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். 195-ல் நிற்கும் வீட்டுக்கு இந்த ஏழு யூனிட் சிறிய விஷயமல்ல. சுவர் ஸ்விட்சில் அணைப்பதே உத்தமம்.

இன்வெர்ட்டரும் பாட்டரி நிறைந்த பிறகு கொஞ்சம் இழுத்துக் கொண்டேயிருக்கும். இன்னொன்று முக்கியம்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் மின்சாரம் இருக்கும். பல்பு ஹோல்டரைக் கழற்றுமுன் அதையும் அணையுங்கள்.

இனி உயிர் சம்பந்தமான விஷயம். "எம்.சி.பி. இருக்கிறதே, பயமில்லை" என்பார்கள். அது ஒயரைக் காப்பதற்கு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். நம்மைக் காப்பது ஆர்.சி.சி.பி. போனதும் வந்ததும் சமமா என்று அது கணக்குப் பார்த்துக் கொண்டேயிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, ஈரச் சுவர் வழியாகவோ ஒருவர் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று கொண்டு கண நேரத்தில் துண்டித்துவிடும். ஆனால் ஒரே சமயம் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது. எனவே ஜாக்கிரதை எப்போதும் வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தம்பதிகள் மட்டும் இருக்கும் அகங்கள் இன்று பல. குளியலறையில் ஈரக் கையோடு கீஸரைத் தொட்டு ஷாக் அடித்தால் ஓடிவர ஆளில்லை. வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டைத் திறந்து 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகாவிட்டாலோ, பொத்தானே இல்லாவிட்டாலோ, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். கீஸருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.