வனக் குளியலுக்கு எந்த இடம் நல்லது?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை. இந்த மூன்றில் ஒன்றாவது எட்டிப் பார்க்காத வீடு நம் மஹல்லாவில் குறைவு. ஆண்களாவது கடை, சந்தை, பள்ளிவாசல் என்று நாலு இடம் நடக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் அடுப்படியும் தொலைக்காட்சியுமே உலகமாகிவிட்டது. அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று வனக் குளியல் பற்றிப் பேசுகிறோம்.

பெயரைக் கேட்டதும் துண்டும் சோப்பும் எடுத்து வைக்க வேண்டாம். மரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல், அவசரமில்லாமல் நடப்பதும் உட்கார்வதும்தான் இந்தக் குளியல். ஜப்பானின் வனத்துறை 1982-இல் இதற்கு 'ஷின்ரின் யோகு' என்று பெயர் சூட்டி மக்களைக் காட்டுக்கு அழைத்தது. பிறகு அங்குள்ள ஆய்வாளர்கள் நகரத்தில் நடந்தவர்களையும் காட்டில் நடந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டில் நடந்தவர்களுக்கு நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்திருந்தன. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலும் குறைந்திருந்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருந்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

இதற்காக நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. தருமபுரி என்பது பழைய தகடூர். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கனியைத் தந்தது மலைக்காடு. இன்றும் நம்மைச் சுற்றி மலைகள்தாம்.

ஆனால் வெளியே போவோம் என்றாலே வண்டி ஒகேனக்கல் பக்கம் திரும்பிவிடுகிறது. அருவி பார்க்க அது அருமையான இடம். விடுமுறை நாளில் அங்கே அமைதி கிடைக்காது. தண்ணீரில் இறங்கும் பிள்ளைகளைக் காவல் காப்பதிலேயே தாய்மாருக்குப் பொழுது போய்விடும். மன ஓய்வுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

தருமபுரிக்கு அருகே வத்தல்மலை இருக்கிறது. காபியும் மிளகும் விளையும் நிழலான மலை. தோட்டங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அரூர் பக்கம் வள்ளிமதுரையில் வரட்டாறு அணை. மலைச்சாலை ஒத்துக்கொள்ளாதவர்கள் சித்தேரி மலையின் அடிவாரத்திலேயே, இந்த அணைப் பக்கத்தில், உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம். மேலே போக முடிந்தவர்களுக்கு சித்தேரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்களும், சாமையும் கேழ்வரகும் விளையும் வயல்களும், புளிய மரங்களும் காடும் கலந்து கிடக்கும் இடம்.

எந்த மலையானாலும், நல்ல இடத்தை அடையாளம் காண ஐந்து கேள்விகள் போதும்.

முதலாவது, அங்கே போக நமக்கு அனுமதி உண்டா? காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஊர்ப் பொது இடமும் ஊருக்குள் போகும் பாதையும் நமக்குப் போதும்.

இரண்டாவது, வண்டியிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்திற்குள், மேடு பள்ளம் இல்லாமல், ஒரு பாட்டியம்மா நடந்து சேர முடியுமா?

மூன்றாவது, கண்ணை மூடி உட்கார்ந்தால் காதில் விழுவது பறவையா, ஆரன் சத்தமா?

நான்காவது, நிழல் இருக்கிறதா? இது இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் மரங்கள் மொட்டையாகிவிடும். காட்டுத்தீ பயமும் உண்டு. மழைக்குப் பிறகு, தை வரை நல்ல காலம்.

ஐந்தாவது, பெண்களுக்குக் கழிப்பறையும், குடிக்கவும் ஒளு செய்யவும் தண்ணீரும் அருகில் உண்டா? நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்றால் பெண்கள் வரவே மாட்டார்கள். இந்த ஐந்தாவது கேள்வியை இடம் பார்க்கப் போகும் ஆண்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள் ஆயின.

காற்று வாங்கப் போகும் நேரத்தில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நமக்கு ஒரு முற்பகல் ஓய்வு தரும் காடு, அந்த மக்களுக்கு வீடு, வயல், பிழைப்பு. வெளியூர் வண்டிகள் கும்பலாக வந்து நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாம் யோசிக்க வேண்டும். அடுத்த வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு உள்ளே போகும் பழக்கம் நமக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. மலைக்கும் அதே பழக்கத்தோடு போவோம். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்போம். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். சாமையோ தேனோ புளியோ விற்றால், பேரம் பேசாமல் வாங்குவோம். பிரியாணிப் பொட்டலமும் நெகிழிப் பையும் நம்மோடு திரும்பி வரட்டும். குரங்குக்கு எதுவும் போட வேண்டாம்.

அறக்கட்டளை சார்பில் இருபது பேருக்கு மேல் போகாத சிறு பயணமாக இதைத் தொடங்க நினைக்கிறோம். காலையில் கிளம்பி, இரண்டு மணி நேரம் மரத்தடியில் இருந்துவிட்டு, லுஹர் தொழுது திரும்பலாம். சர்க்கரை நோயாளிகள் வேளைக்குச் சாப்பிட வேண்டும். தாழ்ந்துவிட்டால் கைகொடுக்க கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ பையில் இருக்கட்டும். மலையில் பேருந்து குறைவு, எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஆகவே யாரும் தனியாகப் போக வேண்டாம்.

இடம் பார்த்து வர மூன்று பேர் முன்கூட்டியே போவார்கள். அந்த மூவரில் இருவர் பெண்களாக இருக்கட்டும். பெயர் கொடுக்கும் வீட்டாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் பெயர், உங்கள் வீட்டில் வெளியே போய் நெடுநாளான ஒருவருடையதாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து அழைத்துப் போவோம்.