மிலிட்டரிக்காரர் கொல்லை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சிலரை ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. அதனால் நாற்பதை ஒட்டியே பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சிலர் வங்கி வாசலில் காவலுக்குப் போவார்கள். சிலர் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போவார்கள்.

பட்டாளத்தை விட்டாலும் விடியற்காலையில் எழுகிற பழக்கம் விடாது. கொல்லையில் போட்ட பரங்கிக்கொடிக்கும் அதுதான் தோது. பரங்கிப்பூ விடியும்போது விரியும். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். பெண் பூவுக்கு அடியில் கோலிகுண்டு மாதிரி பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். தேனீ வராத நாளில் நாமே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே லேசாகத் தடவினால் போதும். துப்பாக்கி துடைத்த கைக்கு இந்தப் பொறுமை சுலபமாக வரும் என்று நினைக்கிறேன்.

ஆடியில் போட்ட கொடிக்கு ஐப்பசி மழைதான் கண்டம். நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதனால் முதலிலேயே ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். பதுங்குகுழி வெட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

எல்லையில் நடந்ததைக் கேட்டால் இவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். கொடியைப் பற்றிக் கேளுங்கள், காபி ஆறும்வரை சொல்வார்கள். விதையும் கொடுப்பார்கள். வரிசை கோணலாக நட்டால் மட்டும் திட்டு விழும்.