சிகிச்சைக்குப் பின்னர்



காளையார்கோவிலில் எங்கள் இல்லத்திற்கு எதிர்வீட்டில் வாழும் என் சித்தி, சில ஆண்டுகளுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பினார். காண வந்த உறவினர் அனைவரும், "அந்தக் கையை அசைக்காதே தாயே, குடத்தைத் தொடாதே" என்றனர். அன்பினால் கூறிய சொற்களே அவை. ஆயினும் இரண்டு திங்களில் தோள் இறுகிப்போய், தலைவாரிக்கொள்ளவும் பிறர் துணை வேண்டியதாயிற்று.

உறவினர் அஞ்சியது காரணமின்றி அன்று. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினால், நிணநீர் வடியும் வழி குறுகிக் கை வீங்குவதுண்டு. ஆகவே பளுவே தூக்கலாகாதென்று மருத்துவரும் நெடுங்காலம் எண்ணினர். 2009-இல் அமெரிக்காவில் கை வீக்கமுற்ற 141 பெண்களிடம் நடந்த ஆய்வு, முறையாகக் கற்றுச் சிறிது சிறிதாகக் கூட்டிய பளுப்பயிற்சி அவ்வீக்கத்தை மிகுவிக்கவில்லை என்று காட்டிற்று.

சித்தியை மறுபரிசோதனைக்குச் சென்னைக்கு அழைத்துச் சென்றவள் நான். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த, புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனையைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அத்தகைய இடங்கள் தோன்றியிராவிடில் நம் பக்கத்துப் பெண்கள் எங்கே போயிருப்பார்கள்?

மருத்துவர் கற்பித்த பயிற்சி மிக எளியது. சுவரை நோக்கி நின்று, எறும்பு ஊர்வது போல் விரல்களை மெல்ல மேலேற்ற வேண்டும். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு. மறுநாள் அதனினும் சற்று உயர. வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பின்னர் அவர் சித்தப்பாவையும் உள்ளே அழைத்தார். சித்தப்பா திண்ணையிற் படுக்கத் தொடங்கி மாதங்கள் பல ஆகியிருந்தன. நோய் தொற்றும் என்று அவர் அஞ்சினார்; தம் உருவைக் கண்டு வெறுத்தார் என்று சித்தி கருதினார். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. மருத்துவரோ ஒளிவுமறைவின்றிக் கூறினார்: புற்றுநோய் தொற்றாது, கூடல் அதைத் திரும்ப அழைப்பதும் இல்லை. மருந்துகளால் மாதவிடாய் முன்னதாகவே நின்று, வறட்சியும் வலியும் நேரலாம். அதற்குக் களிம்புகள் உண்டு, ஆனால் ஹார்மோன் கலந்தவற்றை மருத்துவரைக் கேளாமல் இடலாகாது. கருவுறும் வயதினர் சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்காமல் காத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு இதையெல்லாம் ஏன் கூறுகிறேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூறாததன் விலையை எதிர்வீட்டுத் திண்ணையில் நான் கண்டேன்.

ஊர் திரும்பிய சில நாட்களில் திண்ணைப் பாய் உள்ளே சென்றது. கரிக்கோடுகள் ஒவ்வொன்றாய் ஏறின. இப்பொழுது மாலைதோறும் இருவரும் ஆனைமடுக் கரையில் அரை மணி நேரம் நடக்கின்றனர்; சித்தியின் கொண்டையை அவரே முடிந்துகொள்கிறார்.