ஷாங்காயில் முப்பத்து மூன்று நாள்



‘ஜப்பான்காரன் காலம்’ என்ற பேச்சு நம் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதல்ல. 1941 டிசம்பரில் மலாயாவில் வந்திறங்கிய ஜப்பான், அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சீனாவின் ஷாங்காய் நகரில் ஒரு சிறு போரை நடத்தியிருந்தது. 1932 ஜனவரி 28-ஆம் தேதி இரவில் தொடங்கிய அந்தப் போர் மார்ச் முதல் வாரத்தில் ஓய்ந்தது. இருபுறமும் நின்ற படைகளைப் பற்றி இன்று பேசுவோம்.

1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. ஷாங்காய்ச் சீனர்கள் ஜப்பானியச் சாமான்களை வாங்க மறுத்தார்கள். 1932 ஜனவரி 18-ஆம் தேதி ஒரு துண்டு நெய்யும் தொழிற்சாலை அருகே ஜப்பானிய பௌத்தத் துறவிகள் தாக்கப்பட்டு, அவர்களில் ஒருவர் இறந்தார். அந்தத் தாக்குதலைப் பணம் கொடுத்து ஏவிவிட்டது தாமே என்று தனாக்கா ரியூகிச்சி என்ற ஜப்பானிய இராணுவ அதிகாரி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஜப்பான் வைத்த கோரிக்கைகளை எல்லாம் நகர மேயர் 28-ஆம் தேதி பிற்பகலே ஏற்றுக்கொண்டார். அப்படியும் அன்று நள்ளிரவில் துப்பாக்கி வெடித்தது. எந்த நியாயத்தில் சேர்ப்பது இதை?

முதலில் இறங்கியது ஜப்பானியக் கடற்படையின் தரைப்படைப் பிரிவு. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், கவச வண்டிகள், ஆற்றில் போர்க்கப்பல்கள். தளபதி ஷியோசாவா. அவர்கள் நுழைந்த இடம் சாபெய். ஆலைகளும் அச்சகங்களும், தொழிலாளர் வீடுகள் நெருக்கியடித்த சந்துகளும் கொண்ட பகுதி அது. அகலமான சாலையில் மிரட்டும் கவச வண்டி, சந்துக்குள் வந்தால் திரும்ப இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். மாடியிலிருந்து ஒரு கையெறி குண்டு விழுந்தால் போதும்.

அந்த மாடிகளில் இருந்தவர்கள் சீனாவின் 19-ஆம் சேனையினர். தெற்கே குவாங்டுங் மாநிலத்துக்காரர்கள். தளபதி சாய் திங்காய். 60, 61, 78 என்று மூன்று டிவிஷன்கள். எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, கையெறி குண்டு ஆகியவைதாம் அவர்களுடைய பலம். பெரிய பீரங்கிகள் மிகக் குறைவு. வெப்பமான ஊர்க்காரர்கள், ஷாங்காயின் மாரிக் குளிரில் மெல்லிய பருத்தி உடையோடு நின்றார்கள். பலர் காலில் வைக்கோல் செருப்புத்தான். நகர மக்கள் பஞ்சு வைத்துத் தைத்த உடைகளையும் உணவையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடல் கடந்த சீனர்கள் பணம் அனுப்பினார்கள். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களின் பங்கும் அதில் உண்டு.

சந்துக்குள் வெல்ல முடியாதவர்கள் ஆகாயத்திலிருந்து குண்டு போட்டார்கள். சாபெய் எரிந்தது. பெரிய அச்சகம் ஒன்று சாம்பலாயிற்று. அதைச் சேர்ந்த நூலகத்தில் இலட்சக்கணக்கான புத்தகங்கள் அழிந்தன. வாத்தியார் என்பதால் எனக்கு இது கூடுதலாக வலிக்கிறதோ என்னவோ! வீடு இழந்தவர்கள், மூட்டை முடிச்சோடு, வெள்ளைக்காரர்களின் ஆதிக்கத்தில் இருந்த அனைத்துலகக் குடியிருப்புப் பகுதிக்குள் ஓடினார்கள்.

ஒவ்வொரு முறை தடைப்பட்டபோதும் ஜப்பான் தளபதியை மாற்றியது, படையையும் கூட்டியது. ஷியோசாவாவுக்கு மேலே நொமுரா வந்தார். காகா, ஹோஷோ என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்தன. பிப்ரவரி நடுவில் தரைப்படையின் 9-ஆம் டிவிஷனோடு உவேடா வந்தார். சீனத் தரப்பிலும் துணை வந்தது. சியாங் கை ஷேக்கின் தேர்ந்த படைகளான 87, 88-ஆம் டிவிஷன்கள், 5-ஆம் சேனை என்ற பெயரில், சாங் ஜிசோங் தலைமையில் வந்து வடபகுதியைக் காத்தன. ஆனால் நாட்டின் முழுப் பலமும் அங்கே அனுப்பப்படவில்லை. உள்நாட்டுக் கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்த அரசாங்கம் ஜப்பானோடு பெரும்போரை விரும்பவில்லை. 19-ஆம் சேனையின் தலைக்கு மேலே தொங்கிய கத்தி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 20-இல் பெருந்தாக்குதல் தொடங்கியது. வயல்களும் ஓடைகளும் நிறைந்த மியாவ்ஹாங் கிராமத்தில், பதுங்குகுழிகளுக்கு முன்னால் முள்கம்பி வேலி. அதைத் தகர்க்க நீளமான வெடிகுழாயைச் சுமந்து ஓடிய மூன்று ஜப்பானியச் சிப்பாய்கள் வெடித்துச் சிதறினார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் அவர்களை வீரத்தின் உருவமாக்கின. பாட்டும் படமும் வந்தன. திரி சீக்கிரம் எரிந்துவிட்ட விபத்து அது என்று சொன்னவர்களும் உண்டு. பெற்ற தாய்க்கு எந்தக் கதை ஆறுதல் தந்திருக்கும்?

நேராக உடைக்க முடியாத அரணைப் பின்பக்கமாகச் சுற்றினார்கள். புதிய தளபதி ஷிராக்காவாவின் கீழ் மேலும் இரண்டு டிவிஷன்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் 11-ஆம் டிவிஷன் மார்ச் 1-ஆம் தேதி யாங்சி ஆற்றங்கரையில், லியூஹ ஊருக்கு அருகே இறங்கியது. அங்கே காவல் மெலிந்திருந்தது. முதுகுப்புறம் எதிரி வந்துவிட்டால் முன்னால் எவ்வளவு உறுதியாக நின்றும் பயனில்லை. அன்றிரவே சீனப் படைகள் பின்வாங்கின. 3-ஆம் தேதி ஜப்பான் சண்டையை நிறுத்தியது. மே 5-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

சீனச் சிப்பாய்கள் சுமார் நான்காயிரம் பேர் மாண்டார்கள். ஜப்பானியர் எழுநூறுக்கு மேல். ஷிராக்காவாவும் ஊர் திரும்பவில்லை. ஏப்ரல் 29-இல் ஷாங்காய்ப் பூங்கா ஒன்றில் யூன் பொங் கில் என்ற கொரிய இளைஞர் வீசிய குண்டில் காயமுற்று, அடுத்த மாதம் இறந்தார். அதே குண்டில் நொமுரா ஒரு கண்ணை இழந்தார்.

19-ஆம் சேனையை அரசாங்கம் பூஜியன் மாநிலத்துக்கு அனுப்பியது. 1933 நவம்பரில் அதன் தலைவர்கள் அரசாங்கத்தையே எதிர்த்துக் கிளம்பினார்கள், தோற்றார்கள், சேனை கலைக்கப்பட்டது. 1937 ஆகஸ்டில் ஷாங்காயில் மறுபடியும் போர் மூண்டபோது 87, 88-ஆம் டிவிஷன்கள் வந்து நின்றன. வைக்கோல் செருப்புக்காரர்களின் சேனை அப்போது இல்லை.