செருப்பைக் கையில் எடுக்காமல் நடக்க ஒரு சாலை

(சாத்தாங்காட்டில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்த்தெருவுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம். சாதி போட்ட விதி அது. அந்தத் தெருவே வேண்டாம் என்றுதான் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தார். போன மழையில் என் அம்மா நம் ஏரிக்கரைச் சாலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். இங்கே யாரும் அவரை அதட்டவில்லை. கணுக்கால் சேறும் பின்னால் ஹாரன் அடித்து வந்த டிரெய்லரும் போதுமாக இருந்தன.

இந்தச் சாலையை என்ன செய்வது? மூன்று பேச்சுகள் காதில் விழுகின்றன. ஏரிப்பக்கம் மண் கொட்டி அகலப்படுத்தலாம் என்பது ஒன்று. மேலே இன்னொரு அடுக்குத் தார் போட்டால் போதும் என்பது இரண்டாவது. கனரக வண்டிகளைத் தடுத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான சாலையாக்கலாம் என்பது மூன்றாவது.

முதலில் சாலை ஏன் உடைகிறது என்று பார்ப்போம். சாலைப் பொறியியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால், சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். இரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒருமுறை போவதால் வரும் சேதத்தை, நம் டூவீலர்கள் வருடக்கணக்கில் ஓடினாலும் உண்டாக்க முடியாது. அதிலும் ஏரிக்கரை என்பது தண்ணீரைத் தடுக்கப் போட்ட மண்கரை. ஈரம் ஊறிய மண்மேல் ஓயாமல் பாரம் ஏறினால் தார் நொறுங்கத்தான் செய்யும்.

பழையதைச் சுரண்டி எடுக்காமல் தார்மேல் தார் போட்டால் சாலை உயரும், வாசல் தாழும், மழைநீர் வீட்டுக்குள் வரும். ஏரியைத் தூர்த்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் தங்க இடமில்லை என்றால் எங்கே வரும் என்று வடசென்னைக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்றாவது யோசனையை நான் சொன்னபோது, பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் கேட்டார்: "வண்டி நின்னா என் வீட்ல அடுப்பு எரியுமா தம்பி?" நியாயமான கேள்வி. வண்டி நிற்க வேண்டாம் அண்ணே. பாரம் தாங்கும்படி போட்ட பெரிய சாலைகளில் போகட்டும். அங்கே நெரிசல் என்றால் அதைச் சரிசெய்யட்டும். அந்த நெரிசலுக்கு உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பாதையை விலையாகக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

என் ஆய்வுக்காகப் பழைய சட்டமன்ற நடவடிக்கைகளைப் படிக்கிறேன். பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணறு, குளங்களைப் பயன்படுத்தவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை, 1924-இல் இதே சென்னையின் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அதே ஆண்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இருமுறை சிறை சென்றார். பிறகு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறது. நீரும் பாதையும் பொது என்பதை நம் முன்னோர் போராடி எழுத வைத்தார்கள். அந்தப் 'பொது'வில் நாம் இருக்கிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

ஏனென்றால், அகலப்படுத்தல் என்றதும் 'ஆக்கிரமிப்பாளர்' பட்டியலில் முதலில் ஏறுவது யார்? கூவம் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதைப் பார்த்தவர்கள் நாம். ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் குடிசைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று பிரித்துப் பேசவில்லை. அளக்கும் சங்கிலி மட்டும் ஏன் குடிசை வாசலில் ஆரம்பிக்கிறது?

ஆகவே நான்கு கோரிக்கைகள். ஏரியின் சர்வே எல்லையை, அதற்குள் இருக்கும் எல்லாக் கட்டடங்களோடும் சேர்த்து, வரைபடமாக இங்கே ஒட்ட வேண்டும். கனரக வண்டிகளுக்குத் தடை வேண்டும், ஆனால் ஆம்புலன்சுக்கும் பேருந்துக்கும் வழி வேண்டும். பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிய தார் போட வேண்டும். குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தாமல் திட்டம் போட வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் ஏரியா சபை நடக்கிறது. இந்த நான்கையும் அங்கே தீர்மானமாக வைப்போம். வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் சபையைக் கூட்டச் சொல்வோம்.

வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். முதல் வரியை என் அம்மா சொல்லிவிட்டார்.

ஜெய்பீம்.