விளையாட்டுப் புகைவண்டி கற்பித்த பாடம்

(மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைவண்டி வராத ஊரிலே புகைவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த இருப்புப்பாதை அதற்குத் தெற்கே வரவில்லை. கல்முனைப் பிள்ளைகள் ரயிலைக் காண்பதென்றால் இன்றைக்கும் நாற்பது கிலோமீற்றர் அளவு வடக்கே போகவேண்டும். கிட்டாத பொருளின்மேல்தானே ஆசை கூடுதல்! இதோ மேசையில் நிற்கும் இச்சிறு நீராவி வண்டி அந்த ஆசையிலே பிறந்த பிள்ளை.

இதன் கொதிகலன் ஒரு செப்புக் குழாய். இரு முனைகளையும் நம்மூர்த் தட்டார் ஒருவர் வெள்ளிப்பொடி வைத்து ஊதி அடைத்துத் தந்தார். கீழே ஸ்பிரிட்டு விளக்கு. நீர் கொதித்து எழும் ஆவி உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இப்பொழுது வண்டியைச் சற்று உயர்த்தி வைத்திருக்கிறேன். சக்கரங்கள் வெறுமனே சுழல்கின்றன.

அடுத்து, இந்தச் சிறு மோட்டரைப் பாருங்கள். உடைந்துபோன விளையாட்டுக் காரொன்றில் இருந்தது. பற்றரியை இணைத்தால் சுழலும். இது யாவரும் அறிந்தது. பற்றரியை எடுத்துவிட்டு, அதன் கம்பிகளில் ஒரு சிறு மின்குமிழைப் பொருத்தி, வண்டியின் சக்கரத்திலிருந்து ஒரு இறப்பர் வாரினால் மோட்டரைச் சுழற்றுகிறேன். குமிழ் எரிகிறது! மின்சாரத்தை வாங்கிச் சுழன்ற பொருள், சுழற்றியவுடன் மின்சாரத்தைத் தருகிறது. மோட்டரும் தைனமோவும் இரண்டல்ல, ஒன்றேதான்.

காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்தார். ஓடிக்கொண்டிருக்கும் தைனமோவின் மின்சாரம் இன்னொரு தைனமோவை மோட்டராகச் சுழற்றும் என்பதை 1873ஆம் ஆண்டு வியன்னாப் பொருட்காட்சியில் உலகம் கண்டது.

செய்து பார்க்க விரும்பும் தம்பிமாருக்கு ஒரு குறிப்பு. இத்தகைய மோட்டர் நிமிடத்துக்குச் சில ஆயிரம் தடவை சுழன்றால்தான் குமிழுக்குப் போதிய அழுத்தம் பிறக்கும். நமது வண்டிச் சக்கரமோ சில நூறு தடவையே சுழல்கிறது. ஆகவே வண்டிப் பக்கம் பெரிய கப்பியும் மோட்டர் பக்கம் சிறிய கப்பியும் வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்ற அளவு பொருந்தும். மெதுவாகச் சுழலும் மோட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி, முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். குமிழைக் கழற்றிவிட்டால் வண்டி விரைந்து சுழல்கிறது. குமிழை மாட்டியதும் இளைத்துப்போன மாடுபோல் மெதுவாகிறது. ஏன்? சுருளில் பிறந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தமாகித் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்த்து நிற்கிறது. மோட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். எதிர்ப்பை விரலே உணரும். விளக்கு எரிவது அந்த எதிர்ப்பை வென்று செய்த உழைப்பினால்தான்.

நான் சிறுவனாயிருந்தபோது இதை அறியவில்லை. முதல் வண்டியைச் செய்து விளக்கை மாட்டினேன், மங்கலாகத்தான் எரிந்தது. ஆவியின் அழுத்தம் கூடினால் வெளிச்சமும் கூடுமென்று எண்ணி, கொதிகலனின் காப்பு வால்வு திறவாதபடி செப்புக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டேன். நெல்லாலையில் வேலை செய்த என் மாமா தற்செயலாக உள்ளே வந்தார். கண்டதும் ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு விளக்கை அணைத்தார். அடிக்கவில்லை. “மருமகன், தாங்கக்கூடியதற்கு மேலே கேட்டால் இரும்பும் வெடிக்கும்” என்று மட்டும் சொன்னார். அன்று அவர் வந்திராவிட்டால் இன்று உங்கள்முன் இந்தக் கண்களோடு நான் நின்றிருப்பேனோ தெரியாது. தம்பிமாரே, வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். கொதிகலனில் நீர் வற்ற விடாதீர்கள். ஈயத்தால் ஒட்டிய தகர டின்னைக் கொதிகலனாக்காதீர்கள்; நீர் வற்றினால் ஈயம் உருகிவிடும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் நெருப்பேற்றாதீர்கள்.

சென்ற ஆண்டு நமது இளைஞர் இருவர் என்னிடம் வந்து, “அண்ணன், வண்டியின் அச்சிலே ஒரு தைனமோவை வைப்போம். அதன் மின்சாரத்தால் இன்னொரு மோட்டரைச் சுழற்றி வண்டியைத் தள்ளுவோம். ஸ்பிரிட்டு மிச்சமாகுமல்லவா?” என்றார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. செய்து பார்க்கச் சொன்னேன். ஒரே அளவு ஸ்பிரிட்டில், தைனமோவை இணையாமல் வண்டி இருபது சுற்று ஓடியது. இணைத்தபோது பதின்மூன்றாம் சுற்றிலேயே நின்றது. அவர்களுடைய முகம் வாடிற்று. சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். எனக்கோ அது வெற்றியாகப் பட்டது. வண்டியிடமிருந்து தைனமோ பத்துப் பங்கு வாங்கினால், மோட்டர் வழியாகத் திரும்புவது நாலைந்து பங்குதான். மீதி கம்பியிலும் உராய்விலும் சூடாகிப் போய்விடும். கொடாமல் கொள்ள முடியாது. கொடுத்ததெல்லாம் திரும்பவும் வராது. இந்த உண்மையை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, கையால் அறிந்தார்கள்.

கணக்கையும் பாருங்கள். முப்பது மில்லிலீற்றர் ஸ்பிரிட்டு கால் மணி நேரம் எரிந்தால், அதன் வெப்பம் ஏறத்தாழ 700 உவாற்று. இந்தக் குமிழுக்கு ஒரு உவாற்றுக்கும் குறைவே போதும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளிச்சமாகக் கைக்கு வருகிறது! பெரிய நீராவி எஞ்சின்களே நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையாக்க அரும்பாடுபட்டன. நீராவி ஓய்வுபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் வண்டியில் தைனமோ வைப்பது வீணா? இல்லை. பெரிய நீராவி எஞ்சின்களின் முன்விளக்குக்காக ஆவியால் சுழலும் சிறு தைனமோவை வைத்தார்கள். பெட்டிகளின் விளக்குக்கு அச்சிலிருந்து வார்பூட்டித் தைனமோவைச் சுழற்றினார்கள். அந்த வெளிச்சத்துக்கும் விலை எஞ்சினின் நிலக்கரியே. 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த டீசல் எஞ்சின்களில், டீசல் தைனமோவைச் சுழற்றுகிறது. தைனமோ தந்த மின்சாரம் சக்கர மோட்டர்களைச் சுழற்றுகிறது. மின்சார ரயில்கள் பலவற்றிலோ, வண்டியை நிறுத்தும்போது மோட்டரே தைனமோவாகி, ஓட்டத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. வீணாகப் போவதை மீட்பது அறிவு. இல்லாததைப் பெற முயல்வது மயக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணைக்கட்டிலே, உயரத்திலிருந்து விழும் நீர் சுழலியைத் திருப்ப மின்சாரம் பிறக்கிறது. இந்த மேசையில் நடப்பதே அங்கே பெரிதாக நடக்கிறது. ஆவிக்குப் பதில் நீர்; அவ்வளவுதான்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பழைய மோட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தால் குப்பையென்று வீசாதீர்கள். என் மாமாவைப்போல அருகில் நில்லுங்கள். மன்ற மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு பிடிகருவி, நாலைந்து ஆயுதங்கள் இருந்தால் போதும். கைத்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் வந்து கற்பிக்கலாம். நம்மூருக்கு ரயில் வருமோ வராதோ, ரயிலை அறிந்த பிள்ளைகள் நம்மூரிலிருந்து வரவேண்டும்.